பழைய மாதிரியில் பிசகாத நாய்கள் புது மாதிரியில் தடுமாறுகின்றன: கோளாறு எங்கே?

மோப்ப_அணி (கேள்வி)

சிறுநீர் வாசனையை வைத்துச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் காட்ட மூன்று நாய்களைப் பழக்கிவருகிறோம். இரண்டு லேப்ரடார், ஒரு ஸ்பானியல். மூன்றுமே வெடிமருந்து மோப்பத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவை. தேடுவதிலும் உட்கார்ந்து காட்டுவதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அமைப்பு இதுதான். வரிசையாக ஆறு ஸ்டாண்டு. ஒவ்வொன்றிலும் துளை போட்ட எஃகு மூடியுடன் ஒரு கண்ணாடிக் குப்பி, அதனுள் 1 மி.லி. சிறுநீர். ஆறில் ஒன்று நோயாளியுடையது, ஐந்து நோய் இல்லாதவர்களுடையது. சரியான குப்பியின் முன் உட்கார்ந்தால் கிளிக்கர் ('சரி' என்று காட்ட 'கிளிக்' ஒலி எழுப்பும் சின்னக் கருவி), உடனே தீனி. நோயாளி மாதிரிகள் 18 பேரிடமிருந்தும் கன்ட்ரோல் (ஒப்பிட வைக்கும் நோயற்றவர்கள்) மாதிரிகள் 25 பேரிடமிருந்தும் எடுத்தவை. எல்லாவற்றையும் சிறுசிறு குப்பிகளில் பிரித்து உறைய வைத்திருக்கிறோம்.

இவற்றில் மூன்று நாய்களும் பத்துக்கு ஒன்பது சரியாகக் காட்டுகின்றன. புதிதாக வந்த 12 நோயாளிகளின் மாதிரியை வைத்தவுடன் நிலைமை தலைகீழ். ஆறுக்கு ஒன்று, அதாவது கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலும் கிடைக்கிற விகிதம்தான் வருகிறது. பயிற்சியைக் கூட்டுவதா, நாயை மாற்றுவதா, மாதிரியில்தான் ஏதாவது பிசகா? அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.


வாலாட்டி

முதலில், பயிற்சியைக் கூட்டாதீர்கள். இதே மாதிரிகளை வைத்துக்கொண்டு கூட்டினால் கோளாறுதான் கூடும். நாய்களை மாற்றுவதும் வீண். உங்கள் நாய்கள் கெட்டிக்காரத்தனமாகத்தான் வேலை செய்திருக்கின்றன: 18 பேரையும் மனப்பாடம் செய்துவிட்டன.

நாயின் மூக்குக்கு ஒவ்வொருவரின் சிறுநீரும் தனி முகம். பல மூலக்கூறுகள் கலந்த அந்தக் கலவைக்குள் நோயாளிகள் அனைவருக்கும் பொதுவாக இருக்கும் ஒரு மெல்லிய சாயலைப் பிரித்தெடுப்பது கடினமான வேலை. 'இந்தப் பதினெட்டு வாசனைக்குத் தீனி உண்டு' என்று நினைவில் வைப்பது சுலபமான வேலை. இரண்டுக்கும் கூலி ஒன்றுதான் என்றால் எந்த நாயும் சுலபமானதைத்தான் பிடிக்கும். 2014-இல் பிரிட்டனிலிருந்து புரோஸ்டேட் புற்றுநோய் பற்றி வந்த ஆய்வு ஒன்றில் அச்சு அசல் இதுவே நடந்தது. பயிற்சியில் நன்றாகப் போன நாய்கள், புது ஆட்களின் மாதிரியை இருமறைப்பு முறையில் (எது நோயாளியுடையது என்று சோதிப்பவர்களுக்கே தெரியாதபடி) வைத்தபோது தற்செயலைத் தாண்டவில்லை. தனித்தனி மாதிரிகளின் வாசனையை மனப்பாடம் செய்ததுதான் காரணமாக இருக்கும் என்று அவர்களே எழுதினார்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். மூன்று வரிசை போதும்.

நோயாளியே இல்லாத ஒரு வரிசை: ஐந்து ஸ்டாண்டில் பழைய கன்ட்ரோல், ஆறாவதில் நாய்கள் இதுவரை மோந்திராத ஒரு நோயற்றவரின் மாதிரி. அதன் முன் நாய் உட்கார்ந்தால், அது 'பழக்கமில்லாதது எது' என்று பார்க்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோல் 25 பேரையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறது.

இரண்டாவது வரிசையில் எல்லாமே புதுசு: ஒரு புது நோயாளி, ஐந்து புதுக் கன்ட்ரோல். உண்மையான திறமை இதில்தான் தெரியும். புது நோயாளியைப் பழைய கன்ட்ரோல்களோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் நிறையப் பேர். அது பரீட்சையே இல்லை.

மூன்றாவதில் ஒரு குப்பியில் வெறும் தண்ணீர். ஆனால் அந்தக் குப்பி நோயாளி மாதிரிகள் இருக்கும் அதே பெட்டியில் இருந்து, அதே கை தொட்டு, அதே தட்டில் வந்திருக்க வேண்டும். மற்ற ஐந்திலும் கன்ட்ரோல் பெட்டியிலிருந்து வந்த தண்ணீர். நாய் உட்கார்ந்தால் அது மோந்தது சிறுநீரையே அல்ல, பெட்டியை.

எத்தனை பேரின் மாதிரி வேண்டும் என்று கேட்டால் 'இத்தனை' என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். என் கணக்கில் 18 தொடங்கவே போதாது. இரு பக்கமும் நூறைத் தாண்டி யோசியுங்கள். எண்ணிக்கையைவிட முக்கியம், ஒவ்வொரு பயிற்சி நாளிலும் இதுவரை வராத ஆட்கள் வரிசையில் இருக்க வேண்டும். மனப்பாடம் செய்வது கட்டுப்படியாகாது என்று தெரிந்தால்தான் நாய் பொதுச் சாயலைத் தேடத் தொடங்கும். சோதனைக்கென்று ஒதுக்கியவர்களின் மாதிரி பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே வரக் கூடாது. பயிற்சியில் வந்தவர் இன்னொரு நாள் கொடுத்த சிறுநீரைப் 'புது மாதிரி' என்று எண்ணுவதும் தப்பு. ஆள் அதே ஆள்தான்.


குளிர்ப்பெட்டி

வாலாட்டி சொன்னது பாதி. நூறு பேர், இருநூறு பேர் என்று சேர்த்தாலும் சேர்க்கிற விதம் தவறானால் நாய்கள் வேறொன்றைக் கற்றுக்கொண்டு வரும், அதுவும் புது மாதிரியிலும் பிசகாமல். அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் தேறிவிட்டதாகவே தோன்றும்.

உங்கள் கன்ட்ரோல் 25 பேர் யார்? மாணவர்கள், ஊழியர்கள், அவர்களின் வீட்டார் என்றால் அங்கேயே வண்டி கவிழ்ந்துவிட்டது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம், புகைபிடித்தல் முதன்மைக் காரணம். ஒரு பக்கம் அறுபதைத் தாண்டிய, பீடி சிகரெட் பழக்கமுள்ள ஆண்கள், மறுபக்கம் இருபத்தைந்து வயது இளைஞர்கள் என்றால் நாய்க்கு வயசு, பாலினம், புகையிலை என்று மூன்று குறுக்குவழிகளைத் திறந்து விட்டிருக்கிறீர்கள்.

நான்காவது குறுக்குவழி ரத்தம். இந்த நோயின் முதல் அடையாளமே சிறுநீரில் ரத்தம்தான். கண்ணுக்குத் தெரியாத அளவானாலும் நாய்க்குத் தெரியும். கன்ட்ரோல் பக்கத்தில் கல், கிருமித்தொற்று, புரோஸ்டேட் வீக்கம் இவற்றால் ரத்தமும் சீழணுவும் போகிறவர்கள் கணிசமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் டிப்ஸ்டிக்கை நான்கு காலோடு தயாரித்ததாகத்தான் முடியும்.

எடுக்கும் நேரம் அடுத்தது. சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முடிந்த பிறகு எடுத்த சிறுநீரில், குழாய் செலுத்தத் தடவிய மரமரப்பு ஜெல் கலந்திருக்கும். முன்னெச்சரிக்கையாகக் கொடுத்த ஆன்டிபயாடிக்கும் இருக்கும். சிகிச்சை தொடங்கியவர்கள் என்றால் பிசிஜி, மைட்டோமைசின் என்று சிறுநீர்ப்பைக்குள்ளேயே மருந்து செலுத்தியிருப்பார்கள். இவற்றில் எது இருந்தாலும் நாய் மருந்துக்கடையைத்தான் கற்றுக்கொள்ளும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே நல்ல வழி: சிஸ்டோஸ்கோப்பிக்கு என்று வருகிற எல்லோரிடமும், உள்ளே போவதற்கு முன்பே, யாருக்கு என்ன என்று யாருக்கும் தெரியாத நிலையில் மாதிரி வாங்குவது. அதே நர்ஸ், அதே கழிவறை, அதே டப்பா, அதே சோப்பு. பரிசோதனை முடிவு வந்த பிறகு யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வயது, பாலினம், ரத்தம், புகை எல்லாம் பெரும்பகுதி தானாகவே ஈடாகிவிடும். நோயாளியிடம் வார்டில் ஒரு டப்பாவிலும், நோயற்றவரிடம் வீட்டில் வேறொரு டப்பாவிலும் வாங்குகிற வழக்கத்தை அடியோடு விடுங்கள்.

சேமிப்பில் கவனிக்க வேண்டியவை. வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்து உறைய வையுங்கள். அதுவரை ஐஸ் பெட்டி. அறை வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா வேலையைத் தொடங்கி அம்மோனியா ஏறிவிடும். முடிந்தால் -80 டிகிரி, இல்லாவிட்டால் -20. எதுவானாலும் இரு பக்கத்துக்கும் ஒன்றே. ஒரு முறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. அதனால்தான் முதலிலேயே 1 மி.லி. வீதம் பிரிப்பது. நோயாளி மாதிரி அரிது என்று மாதக்கணக்கில் பாதுகாப்பதும், கன்ட்ரோல் எளிதில் கிடைக்கிறது என்று போன வாரம் வாங்கியதை வைப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் 'பழசு எது' என்பதே விடையாகிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் ஆறு குப்பிகளின் உறைவுக் காலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

பிளாஸ்டிக் டப்பா வாசனையை உறிஞ்சும், தன் வாசனையையும் விடும். கண்ணாடி நல்லது. குப்பி, மூடி, லேபிள் பசை, பேனா மை, கையுறை எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து ஒரே தொகுதியாக வரட்டும். கன்ட்ரோலை ஒருவரும் நோயாளி மாதிரியை இன்னொருவரும் பிரித்து ஊற்றினால், நாய் ஊற்றியவரை அடையாளம் கண்டுகொள்ளும்.

போகிற போக்கில் ஒன்று. மூடி வலையாக இருந்தாலும் நாய் நக்கும். சிறுநீரோடு நிறுத்துகிறவர்கள் பரவாயில்லை. எச்சில், சளி என்று போகிறவர்கள் தொற்றை நினைவில் வையுங்கள். 2020-இல் ஜெர்மனியின் ஹானோவர் கால்நடைப் பல்கலைக்கழகக் குழு கொரோனாவுக்கு நாய்களைப் பழக்கியபோது, வைரஸை வேதிமுறையில் செயலிழக்கச் செய்த மாதிரிகளைத்தான் மோக்க வைத்தார்கள். காசநோய்ச் சளியைத் திறந்த குப்பியில் வைத்து நாயிடம் நீட்டுவது, நாய்க்கும் பிடிப்பவருக்கும் சேர்த்து வம்பு.


கயிறு_தளர்த்து

ரெண்டு பேரும் குப்பியையே பாக்கறீங்க. கயித்தோட இந்த முனையையும் பாருங்க. நாய் கூட நடக்கிறவருக்கு விடை எந்த ஸ்டாண்டுல இருக்குன்னு தெரியுமா? தெரிஞ்சா அந்தப் பத்துக்கு ஒன்பதுல பாதி அவரோடதுதான்.

1907-ல பெர்லின்ல கணக்குப் போடுற குதிரைன்னு ஊரே கொண்டாடின ஹான்ஸை ஆஸ்கர் பூங்ஸ்ட் ஆராய்ஞ்சு சொன்னது இதுதான்: கேள்வி கேட்டவரோட உடம்புல வர்ற சின்ன அசைவைப் பாத்துத்தான் குதிரை குளம்பை நிறுத்துச்சு. நாய் அதைவிடக் கூர்மை. 2011-ல அமெரிக்காவுல 18 மோப்பநாய் ஜோடிகளை வெச்சு ஒரு சோதனை. தேடுற இடத்துல எந்த வாசனையும் வைக்கலை. 'இங்க இருக்கு'ன்னு நாய் பிடிக்கிறவங்களை மட்டும் நம்ப வெச்சாங்க. பெரும்பாலான தேடல்ல 'நாய் காட்டிச்சு'ன்னு சொல்லிட்டாங்க, அதுவும் அடையாளத்தாள் ஒட்டின இடங்கள்ல அதிகமா.

நடையைப் படம் பிடிச்சு மெதுவா ஓட்டிப் பாருங்க. சரியான ஸ்டாண்டுகிட்ட வரும்போது பிடிக்கிறவர் அரை அடி தயங்குவார், கயிறு தொய்யும், சில பேர் மூச்சையே பிடிச்சுப்பாங்க, தீனிப் பை பக்கம் கை போகும். இதுல ஒண்ணு போதும் நாய்க்கு.

பண்ண வேண்டியது: குப்பி வைக்கிறவர் வெச்சுட்டு அறையை விட்டுப் போயிடணும், பிடிக்கிறவர் கண்ணுல படக் கூடாது. பிடிக்கிறவர் தடுப்புக்குப் பின்னால நின்னு நாயைக் கயிறு இல்லாம அனுப்பணும். இடத்தைக் கம்ப்யூட்டரோ பகடையோ முடிவு பண்ணட்டும். மனுஷன் முடிவு பண்ணினா ஒரே ஸ்டாண்டு தொடர்ந்து ரெண்டு தரம் வரவே வராது, ஓரத்து ஸ்டாண்டுகளைத் தவிர்ப்பான். நாய் அதையும் படிச்சிடும்.

இன்னொண்ணு, ஸ்டாண்டு. நோயாளி குப்பியை மூணுலேருந்து அஞ்சுக்கு மாத்தினீங்க சரி, மூணாவது ஸ்டாண்டுல போன நாயோட எச்சிலும் தீனித் துணுக்கும் கிடக்குதே? குப்பியை மட்டும் இல்லை, தாங்கியையும் மாத்துங்க. ஆறையும் மாத்துங்க, ஒண்ணை மட்டும் துடைச்சா துடைச்சதே அடையாளமாயிடும்.


மோப்ப_அணி

மூவருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குப் பதில்: கன்ட்ரோல்களில் பெரும்பாலோர் இளவயது ஊழியர்கள்தான். ரத்தம் போகிறவர் யாரும் இல்லை. நோயாளி மாதிரிகள் வார்டில் வாங்கியவை, சிலருக்குச் சிகிச்சை தொடங்கியிருந்தது. உடன் நடப்பவருக்கு இடம் தெரியும். புது 12 மாதிரிகளுக்கு மட்டும் தெரியாமல் வைத்தோம். தண்ணீர் வரிசையை வைத்துப் பார்த்ததில் ஸ்பானியல் தயங்கித் தயங்கி, நோயாளிப் பெட்டியிலிருந்து வந்த தண்ணீர்க் குப்பியின் முன் உட்கார்ந்தது.

இன்னும் இரண்டு ஐயம். ஒன்று, நோயாளியே இல்லாத வரிசையை நாங்கள் வைத்ததே இல்லை, அது வேண்டுமா? இரண்டு, முடிவுகளை எப்படிக் கணக்கிட்டால் நியாயம்? '83 சதவீதம் ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாத மாதிரியைச் சரியாக விட்டுவிடும் விகிதம்) வருகிறதே, அவ்வளவு மோசமில்லையே' என்று குழுவில் ஒருவர் வாதிடுகிறார்.


எண்சுவடி

அந்த 83-ஐ முதலில் கீழே போடுங்கள். ஆறு குப்பி, ஒன்று நோயாளி, நாய் கட்டாயம் ஏதோ ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்ற அமைப்பில், மூக்கே இல்லாத நாய்க்கும் ஸ்பெசிஃபிசிட்டி 83 வரும். பகடை உருட்டித் தேர்ந்தெடுத்தால் ஆறில் ஐந்து முறை தவறான குப்பியைக் காட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஐந்து கன்ட்ரோலில் ஒன்றைத்தானே தவறாகக் காட்டுகிறது? மற்ற நான்கும் 'சரியாக விட்டது' கணக்கில் ஏறிவிடும். எட்டுக் குப்பி வைத்தால் அதே குருட்டு நாய் 87.5 வாங்கும். வரிசை நீள நீளப் பெருமையும் நீளும். ஆகவே கட்டாயத் தேர்வு அமைப்பில் ஸ்பெசிஃபிசிட்டியைத் தனியாகச் சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

நோயாளி இல்லாத வரிசை வேண்டுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வேண்டும், கட்டாயம். 'ஒன்றும் இல்லை' என்று சொல்லத் தெரியாத நாய், நடைமுறையில் யாரிடமும் பயன்படாது. நிஜத்தில் வரிசைக்கு ஒரு நோயாளி என்று யாரும் அடுக்கித் தரப் போவதில்லை.

12 மாதிரி பற்றி. தற்செயலாகவே 2 சரியாக வரும். 4 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்குக்கூட எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. 5 வந்தால்தான் தற்செயலின் வாய்ப்பு 4 சதவீதத்துக்குக் கீழே போகும். எனவே அடுத்த சுற்றில் 12-க்கு 4 வந்தால் கொண்டாடக் கிளம்பிவிடாதீர்கள். மூன்று நாய்களும் அதே 12-ஐ மோந்தால் அது 36 சோதனை ஆகாது. மாதிரியில் ஏதேனும் கோளாறு இருந்தால் மூன்றும் ஒரே பக்கம் சாயும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம், உங்கள் நோய்க்கே உரியது. 2004-இல் பிரிட்டனில் ஆறு நாய்களை ஏழு மாதம் பழக்கிச் சோதித்தார்கள். ஏழு மாதிரிகளில் ஒன்று நோயாளியுடையது. 54 ஓட்டத்தில் 22 சரி, அதாவது 41 சதவீதம். தற்செயல் என்றால் 14 சதவீதம். நாளிதழில் போட்டால் 41 என்பது தோல்வி மாதிரித் தெரியும். ஆனால் அது நேர்மையாக எடுத்த எண், கன்ட்ரோல்களில் வேறு நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். அதே ஆய்வின் பயிற்சிக் கட்டத்தில் ஒரு கன்ட்ரோல் மாதிரியை நாய்கள் விடாமல் காட்டிக்கொண்டே இருக்க, அந்த நபரை மறுபடி பரிசோதித்ததில் சிறுநீரகத்தில் புற்று இருப்பது தெரிந்தது. இந்தச் செய்தியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் ஒன்று: நாய் காட்டிய கன்ட்ரோல்களை மட்டும் மறுபரிசோதனை செய்து, கிடைத்ததை நாயின் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று. செய்வதானால் காட்டாதவற்றிலும் அதே எண்ணிக்கையில் செய்ய வேண்டும்.

கடைசியாக, நாய் உண்மையிலேயே நன்றாகத் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்சிட்டிவிட்டி (நோயுள்ளவரைச் சரியாகக் காட்டும் விகிதம்) 90, ஸ்பெசிஃபிசிட்டி 95. நூறில் ஒருவருக்கு நோய் உள்ள கூட்டத்தில் 1,000 பேரைப் பரிசோதித்தால், நோயுள்ள 10 பேரில் 9 பேரைக் காட்டும். நோயில்லாத 990 பேரில் சுமார் 50 பேரையும் காட்டும். நாய் உட்கார்ந்த 59 பேரில் நோய் இருப்பது 9 பேருக்கு. அதனால் 'நாய் காட்டியது' என்ற சொல் நோயாளியின் காதுக்குப் போகவே கூடாது. ரத்தம் போவதால் ஏற்கெனவே சிஸ்டோஸ்கோப்பிக்கு வந்து நிற்கும் கூட்டத்தில் நோய் விகிதம் கூடுதல், அங்கே இந்தக் கணக்கு மாறும். நாய் எந்தக் கூட்டத்துக்கு என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.


இன்சுலின்_வீடு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு, சர்க்கரை இறங்கும்போது எச்சரிக்க வீட்டு நாயைப் பழக்கலாம் என்கிறார்கள். அதற்கும் நூற்றுக்கணக்கானவர்களின் மாதிரி வேண்டுமா?


வாலாட்டி

வேண்டாம். அங்கே நாய் காக்க வேண்டியது ஒரே ஆளை, அதனால் அந்த ஒருவரை மனப்பாடம் செய்வது குற்றமில்லை. ஆனால் 'இறங்கிய நிலை', 'சரியான நிலை' இரண்டையும் அதே பிள்ளையிடம் எடுக்க வேண்டும். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டும்போது வாயில் அதக்கிய பஞ்சையோ, கழுத்து, நெற்றி துடைத்த துணியையோ கண்ணாடிக் குப்பியில் போட்டு, அளவும் நேரமும் எழுதி உறைய வையுங்கள். 100 முதல் 140 வரை இருக்கும்போது அதே நேரங்களில் அதே போல எடுத்தது கன்ட்ரோல். விளையாடி வேர்த்த துணியும் கன்ட்ரோலில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓடியாடி வந்தாலே நாய் காட்டும்.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று. சர்க்கரை இறங்கினால் பதற்றத்தில் முதலில் குளுக்கோஸ் கொடுத்துவிட்டுப் பிறகு பஞ்சை எடுப்பார்கள். அந்தப் பஞ்சில் இருப்பது குளுக்கோஸ் மாத்திரையின் ஆரஞ்சு வாசனை. பஞ்சு கையோடு தயாராக இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் மாதிரி போகட்டும், குளுக்கோஸைக் கொடுங்கள். மாதிரிக்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் கேம்பிரிட்ஜில் பார்த்ததில், சர்க்கரை இறங்கும்போது மூச்சில் ஐசோப்ரீன் என்ற வேதிப்பொருள் கூடுவது தெரிந்தது. ஆக மோப்பத்துக்கு அடிப்படை இருக்கலாம். நாய்களின் தரம்தான் மலைக்கும் மடுவுக்கும். 2019-இல் வந்த ஆய்வில் 27 நாய்களின் நடுமதிப்பு சென்சிட்டிவிட்டி 83 சதவீதம். 2017-இல் எட்டு நாய்களைத் தொடர் குளுக்கோஸ் கருவியோடு (உடம்பிலேயே பொருத்திச் சர்க்கரையை இடைவிடாமல் அளப்பது) ஒப்பிட்டபோது 36 சதவீதம்தான் வந்தது, இரண்டுமே எச்சரித்த வேளைகளில் கருவி சுமார் 22 நிமிடம் முந்தியிருந்தது. கருவி இருந்தால் அதுதான் முதல் காவல், நாய் இரண்டாவது. நாய் காட்டினால் மீட்டரில் பாருங்கள். நாய் காட்டவில்லை என்று மீட்டரைத் தவிர்க்காதீர்கள். நாயை நம்பி இன்சுலின் அளவை மாற்றவே கூடாது.


வேட்டை_ரசிகன்

இனம் பற்றி யாருமே பேசவில்லையே? பீகிள் அல்லது ஜெர்மன் ஷெப்பர்டு போட்டால் பலன் மாறாதா?


வாலாட்டி

மாறாது. நெதர்லாந்தில் மருத்துவமனை வார்டுகளில் சி. டிஃபிசில் என்ற குடல் கிருமித் தொற்றைக் கண்டுபிடித்த கிளிஃப் என்ற நாய் ஒரு பீகிள். நோயாளிகளைக் கடந்து நடக்க வைத்தே 30 பேரில் 25 பேரைக் காட்டியது, தொற்றில்லாத 270 பேரில் 265 பேரை விட்டுவிட்டது. 2012-இல் வந்த ஆய்வு. இந்திய ராணுவம் 2021-இல் கொரோனா மோப்பத்துக்குக் காட்டிய நாய்களில் ஒரு காக்கர் ஸ்பானியலும் சிப்பிப்பாறையும் இருந்தன. இனத்தைவிட, தீனிக்காகவோ பந்துக்காகவோ சலிக்காமல் திரும்பத் திரும்ப உழைக்கும் குணம்தான் தேவை. மூக்கு எல்லாவற்றுக்கும் போதுமானது.

மோப்ப_அணிக்கு, இப்போது செய்ய வேண்டியது. பழைய 43 பேரின் மாதிரிகளையும் மொத்தமாக ஒதுக்கி வையுங்கள். ஸ்பானியல் பெட்டியை மோந்தது உறுதியாகிவிட்டதால் குப்பி, தாங்கி, தட்டு எல்லாம் புதிது. பழையதைக் கழுவி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், பிளாஸ்டிக் தட்டில் ஏறியது போகாது.

குளிர்ப்பெட்டி சொன்னபடி சிஸ்டோஸ்கோப்பிக்கு முன் வாங்கும் மாதிரிகள் சேரும் வரை நாய்களைச் சும்மா விட வேண்டாம். வேறொரு நடுநிலையான வாசனையை வைத்து, ஒன்றும் இல்லாத வரிசையில் கடைசி ஸ்டாண்டைத் தாண்டிப் போய்ப் பாயில் நிற்கப் பழக்குங்கள். அதற்கும் அதே தரமான தீனி. 'இல்லை'க்குக் கூலி குறைந்தால் நாய் பொய்யாக உட்காரும். முதலில் ஐந்து வரிசைக்கு ஒன்று காலியாக வைத்து, படிப்படியாகப் பாதிக்கு மேல் காலியாக்குங்கள்.

தீனியை எப்போதும் கொடுக்காமல் விட்டு விட்டுக் கொடுக்கவும் இப்போதே தொடங்குங்கள். விடை தெரியாத மாதிரியை வைக்கும் நாளில் நாய் உட்கார்ந்தால் உங்களால் தீனி கொடுக்க முடியாது. தவறாகக் கொடுத்துவிட்டால் அந்தத் தவறையே கற்பித்ததாகிவிடும். எப்போதும் கூலி வாங்கிப் பழகிய நாய் ஏழெட்டு முறை வெறும் வாயோடு திரும்பினால் காட்டுவதையே நிறுத்திவிடும். அதற்குத்தான் இடையிடையே விடை தெரிந்த மாதிரியைச் சொருகுவது. எது தெரிந்தது என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரிய வேண்டும். பிடிக்கிறவர் தடுப்புக்குப் பின்னாலிருந்து 'மூன்றில் காட்டுது' என்று சொன்ன பிறகு திரை பச்சையானால் கிளிக்கர்.

ஓர் அமர்வு பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். இரைக்கிற நாய் வாயால்தான் காற்றை இழுக்கும், மூக்குக்குப் போவது குறையும். ஏசியின் காற்று வரிசையின் குறுக்கே அடிக்கிறதா என்று ஊதுபத்தி கொளுத்தாமல் மெல்லிய நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் அசைந்தால் நான்காவது குப்பியின் வாசனையை நாய் ஐந்தாவதில் காட்டிக்கொண்டிருக்கும். தரையை மணக்கிற ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், சூடான தண்ணீரும் மணமில்லாத சோப்பும் போதும்.

புது மாதிரிகள் வந்ததும் முதல் வேலை, நூற்றுக்கு முப்பது பேரைச் சோதனைக்கென்று குலுக்கிப் போட்டுப் பிரித்து, அந்தக் குப்பிகளை வேறொரு ஃப்ரீசரில் பூட்டுவது. சாவியும் எண் பட்டியலும் பயிற்சியில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் இருக்கட்டும். எத்தனை ஓட்டம், எத்தனை சரியானால் தேர்ச்சி என்பதை எண்சுவடியிடம் கேட்டு, பூட்டுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.


எண்சுவடி

ஓட்ட எண்ணிக்கை போட்டுத் தருகிறேன். இரண்டு விவரம் தேவை: சிஸ்டோஸ்கோப்பிக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் புற்று உறுதியாகிறது, மாதம் எத்தனை பேர் வருகிறார்கள்? இவை தெரியாமல் வரிசை அமைக்கத் தொடங்க வேண்டாம்.